குப்பத்தின் முதல் தேரோன்

உலகநாதனுக்குப் பொறாமை வந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுமே, அந்த மாதிரி ஒரு சீறல். எங்கள் குப்பத்தில் யாராவது மாடி எடுத்தால், யார் மகளாவது நர்ஸ் வேலைக்குப் போனால், உலகநாதன் பக்கத்தில் போய் நின்று காது கொடுத்தால் போதும், கேட்கும். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவன் இலையில் விழுகிற மீன்துண்டு மட்டும் அவர் கண்ணுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

இலை, மீன்துண்டு என்று சும்மா சொல்லவில்லை. அவருடைய மாமியார் குப்பம்மா வீட்டில் விசேஷம் என்றால் கொடுவா மீன் குழம்பு. மீனின் தலை மூத்த மாப்பிள்ளைக்கு. அது அந்த வீட்டு வழக்கம். மூத்தவள் செவ்வந்தியைக் கட்டியவர் உலகநாதன். இளையவள் வினோதினியைக் கட்டியவன் துளசிங்கம். பக்கத்து இலையில் சகலைக்கு நடுத்துண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே தலையை உறிஞ்சுவது உலகநாதனுக்குத் தனி ருசி.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. எங்கள் குப்பத்தில் முதல் கார் அவருடையது. முட்டி கெட்டுப்போய்க் கடலுக்குப் போவதை விட்டபிறகு வாடகைக்கு ஓட்ட வாங்கினார். தேரோன் கம்பெனி வண்டி, வெள்ளை. ஆஸ்பத்திரிக்கு, ஏர்போர்ட்டுக்கு, திருத்தணிக்கு, பெண் பார்க்க, துக்கம் கேட்க, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். அதுதான் அவருக்குச் சோறு போட்டது. சீட்டில் கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. மீன் ஏற்ற மாட்டார். மீன் விற்றுவிட்டு வருகிறவர்கள் கைகால் கழுவிவிட்டுத்தான் ஏறவேண்டும்.

எத்தனையோ வண்டி இருக்க, தேரோனை ஏன் வாங்கினார் என்றால், விளம்பரம்தான் காரணம். அந்த விளம்பரத்தில் நடிகர் கிடையாது, டான்ஸ் கிடையாது, மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து போவது கிடையாது. நரைத்த மீசையோடு ஒருவர் வந்து பானெட்மேல் கை வைத்து நிற்பார். கம்பெனியின் எம்.டி.யே அவர்தான். “வண்டி என்னுது. வார்த்தையும் என்னுது. குறை இருந்தா என்னைக் கேளுங்க” என்பார். அவ்வளவுதான் விளம்பரம்.

உலகநாதன் அந்த மனிதரிடம் மயங்கிப்போனார். பொன்னேரி ஷோரூமில் எம்.டி.யின் ஆளுயர அட்டைப்படம் வைத்திருந்தார்கள். அதன் தோளில் கை போட்டு எடுத்த படம்தான் இன்றைக்கும் அவர் செல்போனைத் திறந்தால் முதலில் வரும். பானெட்மேல் கை வைத்து நிற்பதைக்கூட அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

பழவேற்காட்டுப் பாலத்தடியில் சூசையம்மாள் டீக்கடை. அங்கே இதைப் பற்றி அடிக்கடி வாய்த்தகராறு நடக்கும்.

“காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவன் வண்டிய அவனே வந்து சொட்டைனா சொல்லுவான்?” என்பாள் சூசையம்மாள்.

“நடிகன் இன்னிக்கு இந்த வண்டின்னுவான், நாளைக்கு வேற வண்டின்னுவான். இவரு எங்க ஓடுவாரு? மூஞ்சியக் காட்டிட்டாரே!” என்பார் உலகநாதன்.

“அதான் உலகு கஷ்டமே. மூஞ்சியக் காட்டி விக்கறவன் ஒரு நாள் மூஞ்சிலயேதான் வாங்குவான்.”

“நீ டீய ஆத்துக்கா.”

துளசிங்கம் வாங்கிய கார் எங்கள் ஊரின் இரண்டாவது தேரோன். உலகநாதன் சொல்லித்தான் வாங்கினான். அவன் படகுக்காரன். ஏரியில் நண்டு வலை போடுகிறவன். காரின் பின்பக்கம் முழுக்க நண்டுப் பெட்டி. வண்டியைத் திறந்தால் மார்க்கெட்டையே திறந்த மாதிரி இருக்கும். “காரா அது? மூடி போட்ட மீன்கூடை” என்று உலகநாதன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். தன் வண்டிக்குப் பக்கத்தில் அதை நிறுத்தவும் விடமாட்டார்.

இப்படி இருக்கையில் போன வருஷம் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார்கள். எம்.டி. இனிமேல் ஸ்டூடியோவில் நிற்கப்போவதில்லையாம். வண்டி வாங்கியவர்களின் ஊருக்கே போய் அவர்களோடு சேர்ந்து நடிக்கப்போகிறாராம். மீனவர் ஊர் ஒன்று வேண்டுமாம். எங்கள் குப்பத்தில் இரண்டு தேரோன் இருப்பதாக ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள்.

உலகநாதன் தலைக்கு டை அடித்துக்கொண்டார். கண்ணாடி முன் நின்று “வண்டி என்னுது” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். வண்டியைக் கழுவி, மெழுகு போட்டு, உள்ளே மல்லிகை சென்ட் அடித்து, எலுமிச்சை மிளகாய் மாற்றி, கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஜீன்ஸ் போட்ட ஒரு பையனும் பெண்ணும் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்தார்கள். “நல்லா வெச்சிருக்கீங்க சார்” என்றார்கள். அப்புறம் துளசிங்கத்தின் வண்டியைத் திறந்தார்கள். நாற்றம் குப்பென்று வந்தது. அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இதுதான்! இதுதான் உண்மையா இருக்கு” என்றாள்.

“நாத்தம்தான் உண்மையாம். சென்ட் பொய்யாம்” என்று உலகநாதன் வீட்டுக்கு வந்து செவ்வந்தியிடம் பொருமினார். “வண்டிய மொத மொத வாங்கினவன் யாரு? அவனுக்கு வாங்கச் சொல்லிக் குடுத்தவன் யாரு? இவன் போய் அவரு பக்கத்துல நிப்பானாம்!”

“யாரு நின்னா இன்னாயா? நம்ம வூட்டு ஆளுதானே” என்றாள் செவ்வந்தி.

நம் வீட்டு ஆள் என்பதுதானே எரிச்சலே. எவனோ ஒருவன் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பார்.

போதாக்குறைக்குக் கம்பெனிக்காரர்கள் அவரையும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். படப்பிடிப்பு ஆட்களுக்குச் சாப்பாடு ஏற்றி வரவேண்டும். வாடகை சவாரியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மல்லிகை சென்ட் அடித்த வண்டியில் பிரியாணிப் பொட்டலங்களை ஏற்றிக்கொண்டு போய் ஏரிக்கரையில் இறக்கினார்.

ஊரை அரை பர்லாங்கு தள்ளிக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் குடைகளும் ஆள் தலைகளும்தான் தெரிந்தன. கயிற்றுக்கு உள்ளே கம்பெனி ஆட்கள், ஜெனரேட்டர்காரர்கள், துளசிங்கம், பிறகு சாப்பாட்டு வண்டியோடு உலகநாதன். ஏரியில் சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு ஒன்று எட்டத்தில் போய்க்கொண்டிருந்தது.

எம்.டி. வந்தார். அட்டைப்படத்தைவிடக் குள்ளமாக இருந்தார். ஆனாலும் உலகநாதனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எம்.டி. நேரே போய்த் துளசிங்கத்தின் தோளில் கை போட்டார். எத்தனை வருஷமாக அட்டையின் தோளில் உலகநாதன் கை போட்டிருக்கிறார்! அந்தக் கை தன் தோளில் விழவேண்டிய கை என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எடுக்கவேண்டிய காட்சி சுலபமானதுதான். எம்.டி. படகில் ஏறவேண்டும். துளசிங்கமும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் நண்டுப் பெட்டியைப் பிடித்துக் காருக்குக் கொண்டுவரவேண்டும். எம்.டி.யின் காலில் கயிறு கட்டிய கறுப்பு ஷூ பளபளத்தது.

எங்கள் பக்கத்தில் படகில் செருப்போடு யாரும் ஏறமாட்டோம். குழந்தைகூட ஏறாது. படகின் முன்பக்கம், அணியம் என்போம், அதில் மஞ்சளும் குங்குமமும் இருக்கும். வெள்ளிக்கிழமை சூடம் காட்டுவோம். கலெக்டரே வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாது. துளசிங்கம் கேமராவைப் பார்த்து மிரண்டுபோய் நின்றதில் ஷூவைக் கவனிக்கவில்லை. கவனித்தவர் உலகநாதன் ஒருவர்தான். “சார், ஷூ” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எம்.டி.யே திரும்பிப் பார்த்திருப்பார். உலகநாதன் குரல் கொடுக்காமல் செல்போனை எடுத்தார். படகில் ஷூ ஏறட்டும், ஊர் பார்க்கட்டும், துளசிங்கத்தின் மானம் போகட்டும்.

எம்.டி. ஒரு காலை அணியத்தின்மேல் தூக்கினார். அப்போதுதான் துளசிங்கம் பார்த்தான். படகில் இருந்தவன் ஐயோ என்று குதித்து இறங்கி, குனிந்து, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான். அந்தரத்தில் ஒரு கால், படகு வேறு ஆடுகிறது. எம்.டி. தடுமாறித் துளசிங்கத்தின் தலைமேல் கையை ஊன்றினார். துளசிங்கம் மணலில் மண்டிபோட்டு ஷூவின் கயிறுகளை அவிழ்த்துக் கழற்றினான். இரண்டாவதையும் கழற்றினான்.

உலகநாதன் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகக் கிடைத்துவிட்டது. படம் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எம்.டி. துளசிங்கத்தைத் தூக்கி நிறுத்தியதும், இருவரும் தோளோடு தோள் நின்று ஏதோ பேசியதும் தெரிந்தது. ஜெனரேட்டர் இரைச்சலில் பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. காது கொடுக்கிற நிலையில் அவரும் இல்லை. துளசிங்கம் இவர் பக்கம் கையை நீட்டி எதையோ சொன்னான். கம்பெனி ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ‘சோறு கொண்டாந்தவன்னு சொல்லிச் சிரிக்கிறான்’ என்று உலகநாதன் முடிவு கட்டிவிட்டார். “சகல! சகல!” என்று அவன் கூப்பிடுவதும் கேட்டது. பரிமாறக் கூப்பிடுகிறான்! திரும்பிப் பார்க்காமல் வண்டிக்கு நடந்தார்.

விளம்பரம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஏரி, படகு, நண்டு, துளசிங்கத்தின் வெள்ளைப் பல். எம்.டி. வெறுங்காலோடு படகில் நின்று, “இங்க கும்பிட்டுத்தான் ஏறணுமாம். துளசிங்கம் சொன்னார். உழைக்கிற இடம்னா அப்படித்தான். வண்டி என்னுது. வார்த்தையும் என்னுது” என்றார். எங்கள் ஆட்கள் உருகிவிட்டார்கள். ஆரம்பாக்கம் வரைக்கும் மீன் வியாபாரிகள் தேரோன் கேட்டுப் பொன்னேரி ஷோரூமுக்குப் போனார்கள். துளசிங்கத்தோடு படம் எடுத்துக்கொள்ளக் காலேஜ் பெண்கள் வந்தார்கள். பஸ்ஸில் அவனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். உலகநாதனின் வாடிக்கையாளர்களே அவர் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, “இது அந்தத் துளசிங்கம் வண்டிதானே?” என்று கேட்டார்கள்.

அதையெல்லாம்கூட விழுங்கிக்கொண்டார். மாமியார் வீட்டில் காதுகுத்து வந்தது. பந்தி போட்டார்கள். டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. குப்பம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே குழம்புச் சட்டியோடு வந்தாள். வாயெல்லாம் பல்லாக, கொடுவாத் தலையை எடுத்துத் துளசிங்கத்தின் இலையில் வைத்தாள். உலகநாதனின் இலையில் நடுத்துண்டு விழுந்தது.

“அத்த, மாத்திப் போட்டுட்ட” என்றான் துளசிங்கம்.

“இருக்கட்டும்டா. இன்னிக்கு நீ துன்னு” என்றாள் குப்பம்மா.

உலகநாதன் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சீறல் கேட்டது.

அன்று சாயங்காலமே, துளசிங்கம் மண்டிபோட்டு ஷூவைக் கழற்றுகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பொன்னேரியில் செய்திப் பக்கம் நடத்தும் பிராங்க்ளினுக்கு அனுப்பினார். “என் பேரு வரக்கூடாது” என்றார். பிராங்க்ளினுக்குப் பேர் எதற்கு? ‘கார் வாங்கிய மீனவன், கம்பெனி முதலாளி காலடியில்!’ என்று தலைப்புப் போட்டு ஏற்றிவிட்டான்.

பற்றிக்கொண்டது. எம்.டி. ராஜா மாதிரி ஒரு காலைத் தூக்கி நிற்கிறார், அவர் கை எங்கள் ஆளின் தலைமேல் இருக்கிறது, எங்கள் ஆள் மண்டிபோட்டு ஷூ கழற்றுகிறான். அதைப் பார்த்த எவனுக்குத்தான் கொதிக்காது? மெட்ராஸ் வரை, மதுரை வரை பார்த்தார்கள். வெறுங்காலோடு கும்பிட்டுப் பேசியதெல்லாம் நடிப்பு என்றார்கள். “வார்த்தையும் என்னுதுன்னு சொன்னியே, அடுத்தவன் தலையும் உன்னுதா?” என்று ஒருவன் எழுதினான். அதை அத்தனை பேரும் பகிர்ந்தார்கள்.

எம்.டி. மறுபடி டிவியில் தோன்றினார். நடந்தது இதுதான், நான் அப்படிப்பட்டவன் இல்லை என்றார். நிஜத்தைத்தான் சொன்னார். ஆனால் அதே மீசை, அதே குரல், அதே பானெட். அவர் பேசப் பேச ஜனங்களுக்கு எரிச்சல்தான் ஏறியது. எம்.டி. துளசிங்கத்தைத் தூக்கி நிறுத்துகிற வரைக்கும் கம்பெனி எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார்கள். “அவன் கேமரா, அவன் படம். வெட்டி ஒட்டிருப்பான்” என்றார்கள். நடிகர் யாராவது நடித்திருந்தால் நடிகரை மாற்றியிருப்பார்கள். கம்பெனியின் மூஞ்சியே அவர்தான் என்று ஆன பிறகு எதை மாற்றுவது?

சூசையம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே உலகநாதனைப் பார்த்தாள். “சொன்னேனா இல்லியா?”

“சொன்னக்கா, சொன்ன” என்று உலகநாதன் மலர்ந்துபோய்ச் சொன்னார். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. புது மாப்பிள்ளை தோற்றான். “இவன் ஏன் போய்க் கால்ல வுழணும்? நானா இருந்தா வுழுந்திருப்பனா?” என்று கேட்பாரிடமெல்லாம் கேட்டார்.

துளசிங்கம் மார்க்கெட்டுக்கு வருவதை நிறுத்தினான். வினோதினி நண்டு விற்க உட்கார்ந்த இடத்தில் பக்கத்து ஊர்ப் பெண்கள் காலை நீட்டி, “எனக்கும் கயட்டச் சொல்லு உன் வூட்டுக்காரன” என்றார்களாம். அவளும் வீட்டோடு இருந்துவிட்டாள்.

அப்புறம் கோயில் வாசலில் ஊர் கூடியது. தலைவர் துளசிங்கத்தை எழுப்பிக் கேட்டார்.

“அவன் கயட்டச் சொன்னானா?”

“இல்ல. நானாத்தான் கயட்டினேன். நம்ம போட்ல ஷூ ஏறலாமா? அவரு வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு.”

“அவன் உப்பைத் துன்னுட்டுப் பேசறான்” என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது.

தலைவர் திரும்பினார். “உலகநாதா, நீ உள்ளதானே இருந்த? நீ இன்னா பார்த்த?”

“நான் சோத்துப் பொட்டலத்த எறக்கினு வண்டி பின்னாடி இருந்தேன். ஒண்ணும் பார்க்கல. படம் புட்சவன் ஜெனரேட்டர்காரனாத்தான் இருப்பான்” என்றார் உலகநாதன்.

ஊர் முடிவு சொன்னது. நம் ஆளைக் காலில் மண்டிபோட வைத்த கம்பெனி வண்டியில் நம் ஊர்க்காரன் யாரும் ஏறக்கூடாது. அக்கம்பக்கத்துக் குப்பங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊர்க்கட்டுப்பாடு என்றால் போலீஸ் சட்டத்தைவிடப் பலம். மீறினால் நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டார்கள்.

தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உலகநாதனுக்கு உறைத்தது. ஊரில் ஓடும் தேரோன் எது? துளசிங்கம் நண்டை ஷேர் ஆட்டோவில் அனுப்பிவிடுவான். அவனுக்குப் படகு இருக்கிறது, ஏரி இருக்கிறது. உலகநாதனுக்கு என்ன இருக்கிறது? எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான்.

ஆஸ்பத்திரி சவாரி அனுப்பம்பட்டு ஆட்டோக்காரனுக்குப் போனது. கல்யாணச் சவாரி பொன்னேரிக்குப் போனது. பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் வெளியூர்க்காரன்கூட வண்டியின் பேரைப் பார்த்துவிட்டு, “ஷூ வண்டியா?” என்று நகர்ந்தான். விற்கலாம் என்று கேட்டால் பொன்னேரியில் ஒருவரும் தொடவில்லை. பார்த்தார் உலகநாதன். பொறுக்கமுடியாமல் டீக்கடையில் ஒரு நாள் வாய்விட்டார்.

“உண்மைய சொல்றேன் கேளு. நான் பார்த்தேன். எம்.டி. அவன தூக்கி நிறுத்தினாரு. அவர் மேல தப்பே இல்ல.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “அன்னிக்குப் பார்க்கலைன்ன? வண்டி ஓடலைன்னதும் கண்ணு தெரிஞ்சிடுச்சா?”

சூசையம்மாள் டம்ளரை வைத்தாள். “உன் வண்டிக்கு நீ சொல்ற, அவன் வண்டிக்கு அவன் சொல்றான். காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.”

தலைவர்கூட இரக்கப்பட்டார். “உன் வாய் சொன்னா யாரு நம்புவா உலகநாதா? படம் புட்சவன் மிச்சப் படத்தோட வந்தா ஊர் யோசிக்கும்” என்றார்.

மிச்சப் படம் உலகநாதனின் சட்டைப்பையில் இருந்தது. வெட்டி அனுப்பியதுபோக முழுதும் அப்படியே செல்போனில் இருந்தது. எம்.டி. சகலையைத் தூக்கி நிறுத்துகிற அந்த மிச்சத்தை அவரால் பார்க்க முடியாது என்பதால் அவர் ஒரு தடவைகூட அதை ஓட்டிப் பார்த்ததில்லை. காட்டினால் வண்டி ஓடும். ஆனால் காட்டினால் தான் அகப்பட்டுக்கொள்ள வேண்டும், துளசிங்கம் மறுபடியும் ஹீரோ ஆவான், மீன் தலை அவன் இலையிலேயே நிலைத்துவிடும்.

ஒரு மத்தியானம் வெயிலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் ஏறாத வண்டியை ஏன் துடைக்கவேண்டும்? கை சும்மா இருக்கவில்லை. செவ்வந்தி வந்து பின்கதவைத் திறந்து பிளாஸ்டிக் உறைமேல் உட்கார்ந்தாள்.

“எறங்குமே. ஊர்க்கட்டுப்பாடு.”

“யாரும்தான் ஏறலியே. நானாவது ஏறிக்கறேன். நீயும் வந்து குந்து. ஏசியப் போடு.”

உட்கார்ந்தார். அவள் தன் செல்போனில் பிராங்க்ளின் போட்ட படத்தை ஓட்டி அவர் காதோடு வைத்தாள். காற்று, ஜெனரேட்டர், அதற்கும் கிட்டத்தில் ஒரு சத்தம். புஸ்ஸ், புஸ்ஸ்.

“ஊருக்கு இது காத்து” என்றாள் செவ்வந்தி. “இத்தினி வருசமாப் பக்கத்துல படுக்கறவளுக்கு உன் மூச்சு தெரியாதாயா? வந்த அன்னிக்கே தெரியும். நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். என் தங்கச்சி வூட்ட வுட்டு வெளிய வரல. மிச்சத்த போடு.”

உலகநாதன் மறுக்கவில்லை. செல்போனை எடுத்து ஓட்டினார். வண்டியோடு அது தானாகவே இணைந்துகொண்டது. சத்தம் தேரோனின் ஸ்பீக்கர்களில் நாலு பக்கமும் வந்தது.

எம்.டி. சொன்னார்: “ஐயோ, எழுந்திருங்க. என் தப்பு. யாரும் சொல்லல எனக்கு.” அவரே குனிந்து ஷூக்களை ஓரமாக எடுத்து வைத்தார். அணியத்தைத் தொட்டுக் கும்பிட்டார். அப்புறம் துளசிங்கத்தின் குரல். கடலில் கத்திப் பழகிய தொண்டை, ஜெனரேட்டரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

“சார், இந்த ஊருக்கு உங்க வண்டிய மொதல்ல கொண்டாந்தது நான் இல்ல சார். எங்க சகல. அதோ நிக்கறாரு பாரு. அவரு சொன்னாருன்னுதான் நானே வாங்கினேன். உங்க போட்டோவத்தான் போன்ல வெச்சிருக்காரு.”

கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். சந்தோஷமான சிரிப்புதான்.

“அப்படியா? கூப்பிடுங்க அவரை. அவர் இல்லாம எப்படி? அவரும் கூட நிக்கட்டும்” என்றார் எம்.டி.

“சகல! யோவ் சகல! வாயா! சாரு கூப்டறாரு! சகல!”

படம் சாய்ந்தது. அதற்கப்புறம் எம்.டி. இல்லை, துளசிங்கம் இல்லை. மணலும், மணலில் விறுவிறுவென்று நடந்து போகிற உலகநாதனின் இரண்டு கால்களும் மட்டும். பின்னால் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கால்கள் நிற்கவில்லை.

செவ்வந்தி கதவைத் திறந்து இறங்கினாள். “கோயிலாண்ட தலைவர் கீறாரு” என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஊர் மறுபடி கூடியது. உலகநாதன் தானே முன்னால் போய், “படம் புட்சது நான்தான்” என்றார். கூட்டம் இரைந்தது. தலைவர் கையை உயர்த்தினார். கோயில் மைக்கை எடுத்து உலகநாதனிடமே கொடுத்து, செல்போனை அதன் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மற்றவர்கள் கேட்டார்கள். “எங்க சகல, அதோ நிக்கறாரு பாரு” என்பது கோயில் கூம்பு ஸ்பீக்கரில் ஏரி வரைக்கும் போனது. “சகல! யோவ் சகல!” என்பதும் போனது.

தலைவர் கட்டுப்பாடு நீங்கியது என்று சொன்னார். பிறகு, “இவனுக்கு இன்னா தண்டனைனு துளசிங்கமே சொல்லட்டும்” என்றார்.

துளசிங்கம் கூட்டத்தின் கடைசியிலிருந்து எழுந்து வந்தான். ஆள் இளைத்திருந்தான். உலகநாதன் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். அடிக்கட்டும் என்றுதான் ஆசைப்பட்டார். ஊர் பார்க்க ஓர் அறை விட்டால் கணக்கு தீர்ந்துவிடும், இவனும் நம்மைப் போல ஆள்தான் என்று ஆகிவிடும்.

துளசிங்கம் கிட்டே வந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

“அத்தினி வாட்டி கூப்டேனே சகல. ஏன் வரல?”

வேறொன்றும் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான், பதிலுக்காக நின்றான். இவ்வளவு நடந்த பிறகும் இவனால் எப்படி இப்படிக் கோபமில்லாமல் நிற்க முடிகிறது, இதுவும் இவனுக்குத்தானா வாய்க்கவேண்டும் என்று உலகநாதனுக்குத் தோன்றியது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, யாரும் அணைக்கவில்லை. அவர் மூக்கு சீறுவது குப்பம் முழுக்கக் கேட்டது.